பூஜையில் வைத்த கைப்பிடி

எந்த மாடிப்படியில் ஏறுவதற்கு முன்பும் அதன் கைப்பிடியை ஒருமுறை அசைத்துப் பார்ப்பது என் வழக்கம். திருமண மண்டபம், பல் மருத்துவமனை, தாலுகா அலுவலகம் என்று இடம் எதுவானாலும் என் வலக்கை முதலில் கம்பியைப் பற்றி இழுக்கும். அது ஆடவில்லை என்று உள்ளங்கைக்குத் தெரிந்த பிறகே கால் எழும். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் இதைப் பார்த்த விற்பனைப் பெண், "என்ன மேடம், வீட்டுக்கு இதே டிசைன்ல போடப் போறீங்களா? பட்டு செக்‌ஷன் மாடியிலதான், வாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பின்னால் வந்த என் மகள் சிரிக்கவில்லை. என் கை தன் வேலையை முடிக்கட்டும் என்று இரண்டு படி தள்ளி நின்றாள். அவளுக்கு இது பழகிவிட்டது. காரணம் மட்டும் அவளுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. எனக்கு மறக்கவில்லை.

அப்போது நான் வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் அரிசி ஆலையில் தரப் பரிசோதனை வேலையில் இருந்தேன். வேதியியல் படித்ததற்கு எங்கள் பக்கத்தில் கிடைத்த வேலை அது. வந்து இறங்கும் நெல்லில் ஈரம் எவ்வளவு, அரைத்து வரும் அரிசியில் நொய் எவ்வளவு, கறுப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கணவர் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் இருந்தார். மகள் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவரும், நூலகத்திலிருந்து நான் மாற்றி மாற்றி எடுத்துவரும் புத்தகங்களும்தான்.

ஆலைக்குள் பேச்சு நடக்காது. இயந்திரங்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாயசைவுதான் தெரியும். மூட்டை வேண்டுமென்றால் தோளைத் தட்டிக் காட்டுவார்கள். சாப்பாட்டு நேரம் என்றால் கைவிரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோவார்கள். நான் மாதிரி எடுக்கப் போகும்போது ஒருவர் கட்டைவிரலை மேல்நோக்கி ஆட்டினால், மேல்தளத்து அரிசி தயார் என்று பொருள். அந்த ஆண்டு ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்தக் கட்டைவிரலைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போனது.

காரணம் மேல்தளத்துக்குப் போகும் வழி. ஆலையின் பின்சுவரை ஒட்டி வெளிப்புறமாக ஓர் இரும்புப் படிக்கட்டு ஏறும். அது முடிகிற இடத்தில் பால்கனிபோல ஒரு நீண்ட இரும்பு மேடை. அந்த மேடையின் மறுகோடிவரை நடந்தால்தான் இயந்திர அறையின் கதவு வரும். கீழே லாரிகள் திரும்பும் சிமெண்டு முற்றம். உயரம் ஒரு வளர்ந்த தென்னையின் உச்சி அளவுக்கு இருக்கும். தவிட்டில் எண்ணெய் உண்டு. காற்றில் பறந்துவந்து இரும்புத் தகட்டில் படியும் தவிட்டுத் தூசி நாள்பட நாள்பட மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். மழைத் தூறலும் சேர்ந்துகொண்டால் செருப்பு நிற்காது. ஆனால் மேடையின் வெளியோரம் முழுவதும் இடுப்பளவுக்குக் குழாய்க் கம்பி இருந்தது. அது இருந்தவரைக்கும் நான் பயப்பட்டதில்லை.

அந்த ஆண்டு குறுவை அறுவடைக்கு முன்னால், கறுப்பு அரிசியைப் பிரித்துத் தள்ளும் புது இயந்திரம் ஒன்று வந்தது. அதை முற்றத்திலிருந்து சங்கிலி போட்டு மேடைக்கு ஏற்றினார்கள். பெரிய இயந்திரம். கம்பி குறுக்கே நின்றதால் மேடையின் நடுவில் ஒரு வாசல் அகலத்துக்குக் கம்பியை அறுத்தெடுத்தார்கள். இயந்திரம் உள்ளே போய் உட்கார்ந்தது. அறுத்த கம்பி கீழே சுவரில் சாய்ந்து நின்றது. மேடையில் இருந்த இடைவெளி இடைவெளியாகவே இருந்தது.

அதை நான் முதலாளியிடம் சொன்னேன். நல்ல மனிதர். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போயிருந்தும் தினம் ஒருமுறை அந்தப் படியில் தாமே ஏறி இறங்குவார்.

"கம்பிய எப்பங்க திரும்ப வைக்கிறது?"

"வைக்கலாம்மா. கம்பெனி ஆளு வந்து மெஷினை செட் பண்ணிக் குடுத்துட்டுப் போவட்டும். சரியில்ல, எறக்குன்னு சொல்லிட்டான்னா மறுபடியும் அறுக்கணும். கம்பி என்ன கத்திரிக்காயா, வாரத்துக்கு ஒருக்கா நறுக்குறதுக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எந்த வேலையும் இப்படி ஒரு நியாயத்தோடுதான் தள்ளிப்போகிறது என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

ஒரு பிற்பகலில் மேலிருந்து ஒரு மூட்டை விழுந்தது. கழித்த அரிசி மூட்டை. சுமந்து வந்தவர் மூச்சு வாங்குவதற்காக அதை ஓரத்தில் இறக்கியிருக்கிறார். தவிட்டு மெழுகில் அது மெல்ல நகர்ந்து, இடைவெளி வழியாகப் போய்விட்டது. நான் அப்போது கீழே பரிசோதனை அறையின் சன்னலோரம் இருந்தேன். வெள்ளையாக ஏதோ சிதறியதைக் கண்டேனே தவிர எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. சற்று முன்புவரை ஒரு லாரி ஓட்டுநர் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடம் அது. மூட்டை வாய்பிளந்து கிடந்தது. அரிசி முற்றத்தின் மறுகோடிவரை தெறித்திருந்தது. அன்று என்னை நடுங்கவைத்தது மூட்டை விழுந்தது அல்ல. அது ஓசையே இல்லாமல் விழுந்ததுதான். அந்த இரைச்சலுக்குள் ஒரு மனிதர் விழுந்தாலும் இப்படித்தான் இருக்கும். யாராவது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் ஆலை ஓடிக்கொண்டேயிருக்கும்.

அன்று மாலையே இடைவெளியின் குறுக்கே ஒரு பழைய தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டினார்கள். அதற்கப்புறம் நான் மாதிரித் தட்டை ஒரு கையில் பிடித்து, மறு கையால் உள்சுவரைத் தடவியபடி, கண் தெரியாதவள் போல அந்த மேடையைக் கடந்தேன். தொலைபேசியில் கணவரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் தம் வேலையிடத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் கொக்கி என்ற சொல் வந்துவிடும். "இங்க ரெண்டாள் ஒசரம் ஏறணும்னாலும் இடுப்புக் கொக்கிய மாட்டாம ஏற விடமாட்டாங்க. அன்னைக்கு ஒருத்தன் மறந்துட்டான், அப்பவே கேட்டுக்கு வெளியில நிறுத்திட்டாங்க." கடல் கடந்து கொக்கி மாட்டித் தொங்கிக்கொண்டிருப்பவரிடம் என் பயத்தையும் கொடுத்தால் அதை அவர் எங்கே வைத்துக்கொள்வார்?

புரட்டாசி பிறந்தது. ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கத்து ஆலைகளில் அது குடும்பங்கள் கூடும் நாள். தொழிலாளிகள் மனைவி மக்களை அழைத்துவந்து, தாங்கள் வேலை செய்யும் இயந்திரத்தைக் காட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் இட்டிருக்கும். கழுவித் துடைத்த தரையில் யாரும் செருப்போடு நடக்க மாட்டார்கள். எல்லா இயந்திரங்களும் நின்றிருக்கும். ஆண்டில் அந்த ஒரு நாள்தான் ஆலைக்குள் குருவி கத்துவதுகூடக் கேட்கும். மகளை நானும் அழைத்துப் போனேன். அம்மா எங்கே போகிறாள் என்று அவள் பார்க்கட்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது.

முற்றத்தின் முன்பக்கத்தில் படம் வைத்து, அதன் கீழே ஸ்பேனர், சுத்தியல், தராசு, மூட்டை தைக்கும் ஊசி என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நடுவில் வெல்டிங் செட். அதன்மேல் சாய்ந்து, பச்சை வண்ணம் புதிதாகப் பூசப்பட்டு, மூன்று இடத்தில் சந்தனப் பொட்டும் ஒரு சாமந்தி மாலையுமாக மேடையிலிருந்து அறுத்த அந்தக் கம்பி நின்றது.

ஆலையின் ஃபிட்டர் எனக்காகவே காத்திருந்தவர்போல ஓடிவந்தார். என்னைவிட இளையவர், இடைவெளியில் கயிறு கட்டியதும் அவர்தான்.

"பாத்தீங்களாக்கா? இந்த வருசம் உங்க கம்பிதான் மாப்பிள்ளை. நாளைக்கு விஜயதசமி, மொத வேலையே அதுதான். முதலாளி சொல்லிட்டாரு."

"இன்னைக்கே வச்சிருக்கலாமே தம்பி. பெயிண்ட் அடிச்ச நேரத்துல பத்த வச்சிருக்கலாம்."

"வெல்டிங் செட்டு பூஜையில ஒக்காந்துருச்சேக்கா. சந்தனம் வச்ச சாமானைத் தூக்கி வேலை பாக்கச் சொல்றீங்களே. நீங்க சொல்லுங்க, இன்னைக்கு நீங்க புத்தகத்தைத் தொடுவீங்களா?"

பாதியில் நின்ற நூலகப் புத்தகத்தை அன்று காலை நானே மஞ்சள் துணி விரித்துப் பூஜையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கதை எங்கே நிற்கிறது என்று மனம் அரித்துக்கொண்டிருந்தாலும் மறுநாள் புனர்பூஜை முடியாமல் அதைத் தொட மாட்டேன். அந்த ஒழுங்கில் வளர்ந்த இருவர் எதிரெதிரே நின்றோம்.

"மேல யாரையும் விட வேணாம்" என்று மட்டும் சொன்னேன்.

"யாருக்கா போவா? வாழை கட்டிட்டு வந்ததோட சரி" என்றார்.

வாழை எங்கே கட்டினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

பூஜை முடிந்தது. கற்பூரத் தட்டு சுற்றி வந்தது. பொரியும் கடலையும் வாழையிலை நறுக்கில் சுண்டலும் கொடுத்தார்கள். மகள் என் முந்தானையைப் பிடித்தபடி கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாகத் தோலுரித்துத் தின்றுகொண்டிருந்தாள். தவிடு கூட்டும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "பாப்பா அப்பா சாடையா? மூக்கு உங்களுது இல்லையே" என்று ஒருத்தி கேட்க, "மூக்காவது தப்பிச்சுதேன்னு சந்தோசப்படு" என்று இன்னொருத்தி என்னைச் சீண்டினாள். சிரித்தபடியே கை கழுவக் குழாய்க்குப் போனேன். திரும்பி வந்தபோது மகள் அங்கே இல்லை.

முதலில் பயம் வரவில்லை. நெல் உலர்த்தும் டிரையர் பக்கம் பார்த்தேன், வாசல் பக்கம் பார்த்தேன், பின்முற்றத்துக்கு நடந்தேன். அங்கே மூட்டை தூக்கும் லோடுமேன் ஒருவர் தலையை நிமிர்த்தி, கைப்பேசியை இரு கையாலும் வானத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எதைப் படமெடுக்கிறார் என்று நானும் நிமிர்ந்தேன்.

மேடையில் இடைவெளி இல்லை. அந்த இடத்தில் ஒரு வாசல் இருந்தது. இரண்டு பக்கமும் குலையும் பூவுமாக வாழைமரம் நிற்க, மேலே தென்னங்குருத்துத் தொங்கல். கயிறு இருந்த இடத்தில் கயிறு இல்லை. பூஜை நாளில் அழுக்குக் கயிறு எதற்கென்று அவிழ்த்துவிட்டு, அதே உயரத்தில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். வீட்டு வாசலை எப்படி அலங்கரிப்பார்களோ அப்படி, கைபிசகாமல், அழகாக. அந்த வாசலுக்குள் பாவாடை சட்டையில் என் மகள். ஒரு வாழைமரத்தைக் கட்டிப்பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்து, வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வாய் திறந்துவிட்டது. அவள் பெயர் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

அந்த நொடியில் என்னைத் தடுத்தது எது என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆலை ஓடும் நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். அவளுக்குக் கேட்டும் இருக்காது. ஆனால் அன்று எல்லாம் நின்றுபோய்க் கிடந்தது. நான் மெல்லக் கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்கும். கேட்டால் அம்மா எங்கே என்று குனிந்து கீழே பார்ப்பாள். இன்னும் கொஞ்சம் சாய்வாள். வந்த குரலை அப்படியே விழுங்கினேன்.

அதற்குள் லோடுமேன், "மொத போட்டோ ஆடிப்போச்சு. பாப்பா, இன்னொருக்கா மாமாவப் பாரு—" என்று தொடங்கினார். நான் பாய்ந்து அவர் கைப்பேசியின்மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். அவர் திகைத்து என் முகத்தைப் பார்த்தார். உதட்டின்மேல் விரலை வைத்தேன். ஆலைக்காரர் அல்லவா, சைகை புரிந்தது. அப்புறம் மேலே பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கிப்போனது.

படியேறினேன். ஓட முடியாது, இரும்புப் படி ஓடினால் அதிரும், அதிர்ந்தால் அவள் திரும்புவாள். காலையில் கழுவிவிட்ட தண்ணீர் தவிட்டு மெழுகின்மேல் இன்னும் முத்து முத்தாக நின்றது. வெறுங்கால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வழுக்கி, கொஞ்சம் பிடித்தது. படிக்கட்டின் கைப்பிடியிலும் சந்தனம் பூசியிருந்ததால் கையும் வழுக்கியது. புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகினேன். பாதி வழியில் மேடையின் தரை என் கண்ணிலிருந்து மறைந்தது. அங்கிருந்து சில படிகளுக்கு அவள் அங்கே இருக்கிறாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. கீழேயிருந்து சத்தம் வருகிறதா என்றுதான் காது கேட்டுக்கொண்டிருந்தது. இப்படி எதையும் நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. கீழே யாரோ பொரியைத் தூற்றிச் சிரித்தார்கள். ஒரு குழந்தை ஊதலை ஊதியது. இந்தச் சத்தங்களுக்கு நடுவே இன்னொரு சத்தம் வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எந்த வேண்டுதலும் என்னிடம் இல்லை.

கடைசிப் படியில் என் தலை மேடைக்கு மேலே வந்தபோது அவள் அங்கேதான் இருந்தாள்.

"அம்மா! இங்கேருந்து குடமுருட்டி ஆறு தெரியுது! நம்ம பஸ் போற பாலம்கூடத் தெரியுதும்மா!"

"அப்படியா கண்ணு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவளிடம் போக வேண்டும் என்று உடம்பு தவித்தது. ஆனால் நான் வேகமாக நெருங்கினால் அவள் விளையாட்டாக ஓடுவாள். அது அவள் வழக்கம். சுவரோரமாக, படி முடியும் இடத்திலேயே உட்கார்ந்தேன்.

"அம்மாவுக்கு முழங்கால் புடிச்சுக்கிச்சும்மா. எழுந்திருக்க முடியல. மெதுவா வந்து கையக் குடு."

யாருக்காவது வலிக்கிறது என்றால் அவள் வந்துவிடுவாள். வாழைமரத்தை விட்டாள். ஆனால் உள்சுவரோரமாக வரவில்லை. மேடையில் நடக்கும்போது எதையாவது பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று எனக்கு முன்னால் அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அல்லது குழந்தைகளுக்கே அது தெரியுமோ என்னவோ. அவள் மாவிலைத் தோரணத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வோர் இலையாகக் கை மாற்றி மாற்றி, ஓரத்தை ஒட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தபடியே. சணல் நூல் அவள் கைக்கு ஏற்ப வெளியே வளைந்து உள்ளே வளைந்து ஆடியது. நான் கையை நீட்டியபடியே இருந்தேன். கண்ணை மூட முடியவில்லை. கடைசி இலையை விட்டுவிட்டு, அறுபடாத பழைய கம்பியைப் பிடித்தபடி அவள் என் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அப்புறம் அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதுகைச் சுவரோடு அழுத்தியபடி உட்கார்ந்திருந்தேன்.

"வலிக்குதும்மா, விடு" என்றாள். விடவில்லை.

ஃபிட்டர் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். லோடுமேன் சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்க, சங்கடத்தை மறைக்கச் சிரித்தார். "என்னக்கா, பயந்துட்டீங்களா? சும்மா நட்டு வைக்கல, நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கேன். லாரி இடிச்சாலும் அசையாது, பாக்குறீங்களா?"

மகள் சாய்ந்திருந்த அதே வாழைமரத்தை உள்ளங்கையால் தள்ளினார். பெரிய வேகத்தோடு இல்லை. ஒரு குழந்தையின் பாரம் இருக்கும். காலையில் வெட்டிய தண்டிலிருந்து சாறு கசிந்து கட்டு இளகியிருந்தது போலிருக்கிறது. மரம் சற்று யோசிப்பதுபோல் நின்று, பின் அடி வழுக்கி வெளியே சாய்ந்தது. தோரணம் இழுபட்டு, இலைகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து, எதிர்ப்பக்க மரத்தையும் உலுக்கிவிட்டுக் கூடவே போனது. தள்ளிய கையோடு ஃபிட்டரும் ஓர் அடி முன்னால் போனார். போனவர் மறுகையால் பழைய கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தொங்கியவாறு நின்றார். பாதி மேடையிலும் பாதி வெட்டவெளியிலும் இருந்தார்.

கீழே சத்தம் வந்தது. மூட்டை விழுந்த அன்று எனக்குக் கேட்காமல் போன அந்தச் சத்தம். அமைதியான ஆலைக்குள் அது சுவர் சுவராக மோதிவிட்டுத் திரும்பியது. பெண்கள் அலறினார்கள். மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஃபிட்டர் பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய கம்பியின் அடிக்காலை இரு கையாலும் பற்றிக்கொண்டார். "இதை நானே கட்டினேன்க்கா" என்றார்.

அவர் முன்னால் இறங்க, நான் மகளை நடுவில் விட்டு, மூவரும் உட்கார்ந்து உட்கார்ந்தே படியிறங்கினோம். முற்றத்தில் முதலாளி நின்றிருந்தார். சிமெண்டில் வாழைத்தண்டு நார்நாராகப் பிளந்து, பூ நசுங்கிக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், மேலே வெறுமையாகத் தெரிந்த இடத்தைப் பார்த்தார், என் மகளின் தலையைப் பார்த்தார். பூஜை வைத்திருந்த இடத்துக்கு வேகமாக நடந்தார்.

"கற்பூரம் மிச்சம் இருக்கா? எடுத்துட்டு வா. நாளைக்குப் பண்ற புனர்பூஜைய இப்பவே பண்ணிடுவோம்."

"முதலாளி, ஆயுதத்துக்கு இன்னைக்கு ஓய்வு நாளு" என்று கூட்டத்தில் யாரோ தயங்கினார்கள்.

"ஆயுதத்துக்கு ஓய்வு குடுத்தாச்சு. மேலேருந்து விழுறதுக்கு யாருய்யா ஓய்வு குடுத்தா? எடு கம்பிய."

தட்டு ஒருமுறை சுற்றியது. முதலாளியே மாலையைக் கழற்றினார். வெல்டிங் செட்டை நாலு பேர் தூக்கினார்கள். ஃபிட்டர் இடுப்பில் அந்தப் பழைய தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றி, மறுமுனையை உள்ளே தூணில் கட்டிக்கொண்டுதான் மேலே வேலையில் உட்கார்ந்தார். அப்படி ஒருவர் கட்டிக்கொண்டு வேலை செய்ததை அந்த ஆலையில் அதற்குமுன் நான் பார்த்ததில்லை. "வெளிச்சத்தப் பாக்காதீங்க, கண்ணு போயிடும்" என்று பிள்ளைகளை விரட்டினார்கள். மகளின் முகத்தை என் வயிற்றோடு சேர்த்து மூடிக்கொண்டேன். நீல வெளிச்சம் சுவரில் துடித்துத் துடித்து அணைந்தது. புதுப் பெயிண்டும் சந்தனமும் கருகும் வாசனை வந்தது. எல்லாரும் போன பிறகும், அந்த வேலை முடியும்வரை நான் முற்றத்திலேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றியபோது கணவர் அழைத்தார். பூஜை எப்படி நடந்தது என்று கேட்டார். நன்றாக நடந்தது என்றேன். மகள் என் கையிலிருந்து பேசியைப் பிடுங்கி, "அப்பா, நான் ரொம்ப ஒசரத்துல நின்னேன், போட்டோகூட இருக்கு" என்றாள். லோடுமேன் நல்லெண்ணத்தோடு, ஆடிப்போன அந்தப் படத்தை ஆலையின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். அவள் அதைத் தேடி எடுத்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டாள். நான் தடுப்பதற்குள் நடந்துவிட்டது.

மறுமுனையில் பேச்சு நின்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார் என்று புரிந்தது. குலை தள்ளிய வாழை, தோரணம், சிரிக்கும் மகள். யார் பார்த்தாலும் பண்டிகைப் படம் என்றுதான் சொல்வார்கள்.

"தோரணத்துக்குப் பின்னாடி கம்பி எங்க?" என்று கேட்டார்.

மகளிடமிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டேன்.

"அவ எதப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா? கம்பி எங்கம்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். இயந்திரம் வந்தது, மூட்டை விழுந்தது, கயிறு, வாழை, இப்போது கம்பி பற்றவைத்தாகிவிட்டது என்பதுவரை. அவர் திட்டவில்லை. பின்னால் அவர்கள் விடுதியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"நாளைக்குப் போய் அந்தக் கம்பியப் புடிச்சு ஆட்டி, வீடியோ எடுத்து அனுப்பு" என்றார். "பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

மறுநாள் விஜயதசமி. புத்தகத்தைப் பூஜையிலிருந்து எடுக்காமலே ஆலைக்குப் போனேன். இயந்திரங்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. சுவரைத் தடவித் தடவி மேடையில் நடந்து, அந்தப் பச்சைக் கம்பியின் முன்னால் நின்றேன். இரண்டு முனையிலும் பற்றவைத்த இடம் கறுத்திருந்தது. நடுவில் சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. இடது கை கைப்பேசியைப் பிடித்திருந்ததால் வலது கைதான் மிச்சம். பழைய கம்பிக்குள் இடது முழங்கையைக் கோத்துக்கொண்டு, வலது கையால் புதிதாக வைத்ததைப் பற்றி இழுத்தேன். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். அப்போதும் அசையவில்லை. கீழே முற்றத்தைப் பார்க்கவில்லை. வாழைச்சாறு பட்ட இடம் இன்னும் ஈரமாக இருக்கும் என்று தெரியும்.

வீடியோவை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "இன்னொரு தடவ ஆட்டு."

ஆட்டினேன்.